வாசலில் நடாத கம்பம்

காலையில் கடையைத் திறக்கும் முன் பக்கத்துக் கட்டடத்தை ஒருமுறை எட்டிப் பார்க்காவிட்டால் அட்டைப்பெட்டிக்காரருக்குப் பொழுது விடியாது. அங்கே இருந்தது அவருடைய சகலையின் சோப்புப் பட்டறை. இன்று எத்தனை பேர் வேலைக்கு வந்திருக்கிறார்கள், புதிதாக என்ன சாமான் இறங்கியிருக்கிறது என்று கண்ணாலேயே அளந்துவிட்டுத்தான் தன் கடை விளக்கைப் போடுவார்.

சகலை, தன் வீட்டுச் சமையலறையில் சோப்புக் காய்ச்சித் தொழில் தொடங்கியவர். அந்தச் சோப்பை அடுக்கப் பெட்டி செய்து கொடுத்தவரே நம் அட்டைப்பெட்டிக்காரர்தான். சோப்பு விற்க விற்கப் பெட்டிக்கும் ஆர்டர் கூடியது. வேறு ஆளாக இருந்தால் துள்ளிக் குதித்திருப்பார். இவருக்கோ ஆர்டர் இரட்டிப்பான அன்று சாப்பாடு தொண்டையில் இறங்கவில்லை.

"இத்தனை பெட்டி கேக்கறான்னா, எவ்வளவு சோப்பு விக்கறான் பாரு" என்று மனைவியிடம் பொருமினார். பெட்டிக்கான காசு நம் வீட்டுக்குத்தானே வருகிறது என்று மனைவி சொன்னது இவர் காதில் ஏறவில்லை. பொறாமைக்கும் கணக்குத் தெரியும். அடுத்தவர் வரவை மட்டும்தான் கூட்டும்.

சகலை பெரிய மெஷின் ஒன்று வாங்க ஏற்பாடு செய்தார். தெருவில் வரும் கரண்ட் அதற்குப் போதாது. புதிய லைன் இழுக்க ஒரு கம்பம் நட வேண்டும். அதற்கு இடம் இருந்தது அட்டைப்பெட்டிக்காரரின் வாசல் ஓரத்தில் மட்டும். அவர் சம்மதித்தால்தான் முடியும் என்று மின்சார அலுவலகத்தில் சொல்லிவிட்டார்கள்.

சகலை நேரில் வந்து நின்றார். "அண்ணே, ஓரமா ஒரே ஒரு கம்பம். உங்க மெஷினுக்கும் கரண்ட் சீரா வரும்."

"கம்பம் வந்தா வண்டி திரும்பாதுப்பா" என்றார் இவர், முகத்தைத் திருப்பிக்கொண்டு.

வண்டி தாராளமாகத் திரும்பும் என்பது இருவருக்கும் தெரியும். மச்சினி வந்து கெஞ்சினார், மனைவி சண்டையே போட்டார். மனுஷன் மசியவில்லை. மூக்கறுபட்டாலும் எதிரிக்குச் சகுனத்தடை ஆனால் போதும் என்ற கதைதான்.

சகலை மல்லுக்கட்டவில்லை. ஊரின் மறுகோடியில் ஒரு கொட்டகை பிடித்துப் பட்டறையை மாற்றிக்கொண்டார். சாமான் ஏற்றிய வண்டி கிளம்பியபோது அட்டைப்பெட்டிக்காரர் கைதட்டாத குறை.

அந்தச் சந்தோஷம் அடுத்த ஆர்டர் வரவேண்டிய நாள் வரைதான். ஆர்டர் வரவில்லை. வேலையாட்கள் அடுக்கிய அட்டையையே கலைத்து மறுபடி அடுக்கினார்கள். பிறகு ஒருவர் பின் ஒருவராக வேறு வேலை தேடிப் போனார்கள். கடைசியில் அட்டைப்பெட்டிக்காரர் வீம்பை வீட்டில் வைத்துவிட்டு, சகலையின் புதுப் பட்டறைக்கே போய் நின்றார். உள்ளே கூரை முட்டப் பெட்டிகள். எல்லாம் வேறு யாரோ செய்தவை. ஓரம்கூடச் சரியாக ஒட்டவில்லை.

"உங்க பெட்டி மாதிரி வராதுண்ணே" என்றார் சகலை, நிஜமான வருத்தத்தோடு. "ஆனா அங்கேருந்து கொண்டுவர வண்டிக்கூலி கட்டுப்படியாகல. இந்த மெஷின் உங்க பக்கத்துலயே ஓடியிருந்தா, இத்தனையும் நீங்க செஞ்ச பெட்டியா இருந்திருக்கும்."

வழக்கம்போல வயிறு எரிந்தது. இந்த முறை தன் மேலேயே.

சகலை காலி செய்த இடத்துக்குப் பொம்மை செய்யும் பெண்மணி ஒருவர் வந்தார். அவருக்கும் கம்பம் வேண்டியிருந்தது. கேட்டுப் பயனில்லை என்று தெருவே சொன்னதால் தயங்கிக்கொண்டிருந்தார். அட்டைப்பெட்டிக்காரர் தானாகவே போய்ச் சம்மதம் சொன்னதும் அவரால் நம்ப முடியவில்லை.

"நீங்க ஒத்துக்கவே மாட்டீங்கன்னாங்களே?"

"சரியாத்தான் சொல்லியிருக்காங்கம்மா. பக்கத்துல ஒருத்தன் வளந்தா நான் சின்னவனாயிடுவேன்னு நெனச்சேன். அவனை வளர விடாம தடுக்கப் பாத்ததுல படுத்தது என் தொழில்தான். சின்னத் தொழில் எதுவும் தனியா வளராதும்மா. பக்கத்துக் கடை எழுந்தாத்தான் நம்ம கடையும் எழும்."

அந்தப் பெண்மணி வாசலை ஒருமுறை பார்த்தார். "கம்பம் வந்தா உங்க வண்டி திரும்ப இடம் இருக்குமா?"

"தாராளமா இருக்கும்மா" என்றார் அவர். "அப்பவும் இருந்துச்சு."