காதைக் கட்டிக்கொண்டு வரவும்

எதிரணி ரசிகர்களுக்கு அறிவுரை எழுதுவதற்கு யாரும் மண்டையை உடைத்துக்கொள்வதில்லை. பஸ்ஸை எங்கே நிறுத்தலாம், எந்த கேட் வழியாக வரலாம், முரசு கூடாது, பட்டாசு கூடாது. வா, உட்கார், தோற்றுவிட்டுப் போ என்பதையே கொஞ்சம் மரியாதையாகச் சொன்னால் முடிந்தது. மைக் அக்கா இந்த முறை அதை ஒரு வாரமாக எழுதிக்கொண்டிருந்தாள்.

கால்பந்து மைதானத்தில் அறிவிப்பு சொல்வது அவள் வேலை. கோல் போட்டவன் பெயர், தொலைந்துபோன பிள்ளையின் சட்டை நிறம், வழியை மறித்து நிற்கும் வண்டியின் எண் எல்லாம் அவள் குரலில்தான் வரும். அதனால் கிழவர்களுக்குக்கூட அவள் மைக் அக்காதான். அக்கா என்று கூப்பிட உரிமையுள்ள ஒருத்தன் மட்டும் நாலு வருஷமாகக் கூப்பிடவில்லை.

தம்பி வேலை கிடைத்து எதிரணியின் ஊருக்குப் போனவன். அங்கேயே பெண் பார்த்துக் கட்டிக்கொண்டான். அதை அப்பா பொறுத்துக்கொண்டார். அவர்களுடைய நீலச் சட்டையைப் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்ததைத்தான் அவரால் பொறுக்க முடியவில்லை. தாத்தா காலத்திலிருந்து சிவப்புச் சட்டை போடுகிற குடும்பம்.

"அந்தச் சட்டையோட வாசப்படி ஏறாத."

"அப்ப நானும் ஏறல."

அப்பனுக்குத் தப்பாமல் பிறந்த பிள்ளை. போகும்போது அக்காவைப் பார்த்து, "ஊருக்கெல்லாம் மைக்ல பேசற. எனக்காக ஒரு வார்த்தை பேச வாய் வரலியே?" என்று கேட்டான். அதற்குப் பிறகு அவள் போன் செய்தால் அவன் மனைவிதான் எடுப்பாள். "நல்லாத்தான் இருக்கார் அண்ணி. உங்க ஊர் ஆட்டத்துக்கு மட்டும் வருஷம் தவறாம வந்துடறார்."

வந்து என்ன பயன்? எதிரணிக்காரர்களுக்குத் தனி கேட், கம்பி வேலி போட்ட தனி கேலரி. ஆட்டம் முடிந்ததும் உள்ளூர்க் கூட்டம் கலைகிறவரை அவர்களை அப்படியே உட்கார வைத்திருப்பார்கள். பிறகு மைக்கில் அக்கா சொல்ல வேண்டும். சொன்னால்தான் காவல் தலைவர் கேட்டைத் திறப்பார். சாவிக்கொத்தும் கையுமாகவே திரிவதால் அவருக்குப் பூட்டு என்று பெயர். திறந்ததும் நேராக பஸ். வருஷத்துக்கு ஒரு நாள், நூறடி தூரத்தில் தம்பி இருப்பான். பைனாகுலரில் பார்த்தால் ஒரே நீலமாகத் தெரியும். அவனைத் தன் வாயாலேயே அனுப்பிவைத்துவிட்டு வீட்டுக்குப் போய்ச் சாப்பிடாமல் படுத்துக்கொள்வாள்.

அதனால்தான் இந்த வருஷம் இப்படி எழுதினாள்: "வடக்கு கேலரியில் மூன்றாவது படி உடைந்திருக்கிறது, பார்த்து ஏறவும். தூணுக்குப் பின்னால் உட்கார்ந்தால் ஆட்டம் தெரியாது. வெறும் வயிற்றோடு கத்த வேண்டாம். இங்கே காற்று பொல்லாதது, காதைக் கட்டிக்கொண்டு வரவும்."

கடைசி வரி ஒருத்தனுக்காக. சின்ன வயதில் காற்று பட்டாலே அவனுக்குக் காது வலிக்கும். அம்மா மப்ளரைச் சுற்றி இறுக்கி முடிச்சுப் போட்டு அனுப்புவாள். அம்மா போன பிறகு அக்காதான் முடிச்சுப் போட்டாள். நீலக் கூட்டத்தில் காதைக் கட்டியவன் எவனோ அவனே தம்பி. இதுதான் அவளுடைய கணக்கு.

பூட்டு அதைப் படித்துப் பார்த்தார். "இது எதிரி டீமுக்கா அக்கா, வீட்டுக்கு வர்ற புது மாப்பிள்ளைக்கா?"

"போடுங்கண்ணே, பேசாம."

கிணறு வெட்டப் பூதம் புறப்பட்டது. எதிரியின் ஊரிலிருந்து இவ்வளவு பாசமா என்று அந்த அறிவுரை போனுக்குப் போன் பறந்திருக்கிறது. ஆட்டத்தன்று வடக்கு கேலரிக்குள் கூட்டம் கூட்டமாக நுழைந்தவர்கள் காதைச் சுற்றி நீல மப்ளர் கட்டியிருந்தார்கள். தொப்பைக்காரர், மீசைக்காரர், கைக்குழந்தை, அவள் பார்த்தவரை ஒருவர் பாக்கியில்லை. "காதைக் கட்டிட்டோம் அக்கா!" என்று கேலரியே ராகம் போட்டுப் பாடியது. சிவப்புக் கூட்டமும் சிரித்தது. மைக் அறையில் அக்கா மட்டும் பைனாகுலரைக் கண்ணிலிருந்து எடுக்காமல் அழுதாள்.

ஆட்டம் சமனில் முடிந்தது. யார் கோல் போட்டார்கள் என்று அவள்தான் அறிவித்தாள். கேட்டால் அவளுக்கே நினைவிருக்காது. உள்ளூர்க் கூட்டம் கலைந்தது. வாக்கிடாக்கியில் பூட்டு கூப்பிட்டார். "பஸ் ரெடி. சொல்லிடுங்க அக்கா, திறந்துடறேன்."

கடைசியாக ஒரு தடவை பைனாகுலரைத் தூக்கினாள். தூணுக்குப் பின்னால், யாரும் உட்காராத இடத்தில், காதைக் கட்டாமல் ஒருத்தன் தனியாக உட்கார்ந்திருந்தான்.

அம்மா கட்டிய மப்ளரைத் தெருமுனை தாண்டியதும் அவிழ்த்துவிடுகிறவன் அல்லவா அவன்! சொன்ன பேச்சைக் கேட்காதவனைப் போய், கேட்டவர்களுக்குள் தேடியிருக்கிறாள். மைக்கை அப்படியே போட்டுவிட்டுப் படியிறங்கி ஓடினாள்.

அவள் வருவதைப் பார்த்து அவனும் வேலிக்கு வந்தான். முன்நெற்றியில் முடி கொஞ்சம் கொட்டியிருந்தது.

"தூணுக்குப் பின்னாடி ஒண்ணும் தெரியாதுன்னு எழுதியிருந்தேனேடா."

"ஸ்பீக்கர் அங்கதானே இருக்கு."

"காதையும் கட்டல."

"கட்டினா நீ பேசறது எப்படிக் கேக்கும்? வருஷா வருஷம் வேற எதுக்கு வர்றேன்?"

கம்பிகளுக்கு இடையே இரண்டு கையையும் விட்டு அவன் காதுகளைப் பொத்தினாள். சில்லென்று இருந்தன. வாய்க்குள்ளேயே ஏதோ முணுமுணுத்தாள்.

"என்ன?"

அவள் மறுபடியும் முணுமுணுத்தாள்.

"கேக்கல. போய் மைக்ல சொல்லு."

விளையாட்டாகச் சொன்னானோ வீம்புக்குச் சொன்னானோ, அவள் திரும்பிப் படியேறிவிட்டாள். பஸ்ஸுக்குக் காத்திருந்த கூட்டம் பொறுமையிழந்து கை தட்டிக்கொண்டிருந்தது. மைக் சுவிட்சைப் போட்டாள்.

"வடக்கு கேலரி ரசிகர்கள் கவனத்துக்கு," என்று வழக்கம்போலத் தொடங்கினாள். அதற்கு மேல் வழக்கம் ஓடவில்லை. "அன்னிக்கு அப்பா முன்னாடி நான் வாயைத் திறந்திருக்கணும். திறக்கல. தப்புத்தான். வீட்டுக்கு வாடா. அந்தச் சட்டையோடவே வா. அப்பாகிட்ட நான் பேசிக்கறேன்."

கை தட்டல் நின்றது. ஒவ்வொருவராக மப்ளரை அவிழ்த்தார்கள். கேட்டைத் திறக்கச் சொன்னதாக இதை எடுத்துக்கொள்வதா வேண்டாமா என்று புரியாமல், பூட்டு சாவியைத் துவாரத்தில் விட்டபடியே நின்றார்.