செனியாவின் மூன்று கூடைகள்

பதிப்பகத்திலிருந்து வந்த மின்னஞ்சலை நிலோஜினி மூன்று தரம் வாசித்தாள். மூன்று தரமும் ஆத்திரம்தான் வந்தது. அவள் படம் கீறும் சிறுவர் புத்தகத்தின் அட்டையில் ஒரு குதிரை வண்டி வேண்டுமாம், முடிந்தால் ஒரு வயலினும். இல்லாவிட்டால் இது ரோமா மக்களின் கதையென்று யாருக்குத் தெரியப்போகிறது என்று கேட்டிருந்தார்கள்.

கதையை எழுதியவள் செனியா. சுவிஸில், ஊஸ்டர் நகரத்தில் ஒரு முதியோர் இல்லத்தில் நிலோஜினியின் அம்மாவோடு வேலை செய்கிறவள். ‘ஜிப்சி’ என்று மற்றவர்கள் இகழும் ரோமா இனத்தவள் என்பதை மறைத்து, இருபது வருடமாகத் தன்னை சேர்பியக்காரி என்று மட்டும் சொல்லிக்கொண்டு திரிந்தவள், ஐம்பது வயதில் பிள்ளைகளுக்கு தன் தாய்மொழியான ரோமானியில் ஒரு கதை எழுதி, சொந்தப் பெயரிலேயே வரவேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றாள்.

கதையில் வரும் சிறுமி நாலாம் மாடியில் இருக்கிறாள். கட்டிடத்தின் நிலவறையிலுள்ள பொது மெஷினில் உடுப்புத் தோய்க்க அவர்களுக்கு இரண்டு கிழமைக்கு ஒரு நாள்தான். அன்று நேரம் பிந்திப்போக, பக்கத்து வீட்டுக்காரர் சண்டைக்கு வருகிறார். குதிரை மருந்துக்கும் இல்லை.

பதிப்பகத்தைத் திட்டிக்கொண்டே நிலோஜினி தான் கீறிய படங்களைச் செனியாவிடம் கொண்டுபோய்க் காட்டினாள். இருவரும் ஸ்விஸ் ஜெர்மனில்தான் கதைப்பார்கள். ஆனாலும் செனியா அவளுக்கு அன்ரிதான்.

முதற் படத்திலேயே செனியா முகம் சுளித்தாள். “இதென்ன நிலோ, எல்லாத்தையும் ஒரு கூடைக்குள்ள போட்டிருக்கிறாய்?”

“ஊத்தை உடுப்புத்தானே அன்ரி?”

“இடுப்புக்கு மேல உடுக்கிறது வேற, கீழ உடுக்கிறது வேற. நாங்கள் ரோமா ஆக்கள் சேர்த்துத் தோய்க்க மாட்டம். மேசைத்துணி அதுக்கும் தனி. மூண்டு தரம் தோய்க்கிறதாலதானே நேரம் பிந்துது. கதையே அதுதான்!”

நிலோஜினிக்கு வெட்கமாகப் போய்விட்டது. சிறுவயதில், தமிழ்ப் பிள்ளை என்பதற்காகவே தன்னை எப்போதும் யானை கீறச் சொன்ன ரீச்சரை இன்னும் மன்னிக்காதவள் அவள். இப்போது குதிரை கேட்டவர்களுக்கும் தனக்கும் என்ன வித்தியாசம்?

“எல்லாம் திரும்பக் கீறுறன். அட்டைக்கு?”

“மூண்டு கூடை.”

“அவையளுக்கு விளங்காது அன்ரி.”

“விளங்க வேண்டிய ஆக்களுக்கு விளங்கும். குதிரைதான் வேணுமெண்டா கதையைத் திருப்பித் தரச் சொல்லு.”

நிலோஜினி அதை அப்படியே எழுதியனுப்ப, நூலகத்தில் நடக்கும் தாய்மொழிக் கதை நேரத்தில் ஒருமுறை வாசித்துப் பார்ப்போம், பிறகு முடிவெடுப்போம் என்றது பதிப்பகம்.

அந்தச் சனிக்கிழமை பதிப்பகத்துப் பெண்ணும் வந்திருந்தாள். வாசலில் ஒரு படிவத்தில் பெற்றோர் பிள்ளையின் பெயரையும் வீட்டு மொழியையும் எழுத வேண்டும். இளந்தாய் ஒருத்தி ‘சேர்பியன்’ என்று எழுதிவிட்டு, மகளோடு கடைசி வரிசையில் போய் இருந்தாள்.

செனியா ரோமானியில் ஒரு வரியும் ஜெர்மனில் ஒரு வரியுமாக வாசித்தாள். நிலோஜினி மூன்று கூடைகளோடு கீறிய புதுப் படத்தைத் தூக்கிப் பிடித்தாள். கடைசி வரிசையிலிருந்த அந்தச் சிறுமி துள்ளி எழுந்தாள்.

“அம்மா, எங்கட வீட்டுக் கூடைகள்!” எல்லோருக்கும் விளங்கும் ஜெர்மனில்தான் கத்தினாள்.

தாய் மகளின் வாயைப் பொத்தினாள். செனியா வாசிப்பை நிறுத்தி, தாயைப் பார்த்து ரோமானியில் ஏதோ கேட்டாள். தாய் மகளின் வாயிலிருந்து கையை எடுத்துவிட்டாள்.

கதை முடிந்ததும் அந்தத் தாய் நேரே வாசலுக்கு வந்து, அந்தப் படிவத்தைக் கேட்டு வாங்கினாள். ‘சேர்பியன்’ என்பதை வெட்டிவிட்டு, ‘ரோமானி’ என்று அழுத்தி எழுதினாள். நிலோஜினிக்குக் கண் கலங்கிவிட்டது.

“புத்தகம் எப்ப வரும்?” என்று கேட்டாள் தாய். “அட்டையிலயும் அந்தக் கூடைகள்தானே?”

பதிப்பகத்துப் பெண் படிவத்தைப் பார்த்தாள், பிறகு அவளைப் பார்த்தாள்.

“ஓம்,” என்றாள். “கூடைகள்தான்.”