திருப்பிக் கொடுத்த கத்தி

என் மனைவிக்குக் கருப்பு பெல்ட் கிடைக்காமல் போனதற்குக் காரணம் அவளுடைய நல்ல பழக்கம். யாரிடம் சொன்னாலும் சிரிக்கிறார்கள். எனக்கோ அன்று மூக்குக்கு மேல் கோபம் வந்தது.

அவள் மருந்துக்கடை கவுண்டரில் வேலை பார்ப்பவள். பிள்ளைகள் வெளியூருக்குப் படிக்கப் போன பிறகு கராத்தே வகுப்பில் சேர்ந்தாள். வெள்ளை, மஞ்சள், பச்சை என்று ஏறிப் பழுப்பு பெல்ட்டுக்கு வருவதற்குள் தலையில் பாதி நரைத்துவிட்டது. "முட்டி வலிக்குதுன்னு புலம்புறே, அப்புறம் எதுக்கு இந்த வேலை?" என்று வம்புக்கு இழுப்பேன். "பிளாக் பெல்ட் கட்டாம விடமாட்டேன். நீங்க டிவியப் பாருங்க" என்பாள். மாஸ்டர் எங்கள் மகள் வயதுப் பெண். வெளியில் பார்த்தால் இவளை அக்கா என்பாள். வகுப்பில் இவள்தான் அவளுக்குக் குனிந்து வணக்கம் வைப்பாள்.

தேர்வின் கடைசிக் கட்டம், மரக்கத்தியோடு பாய்கிறவனிடமிருந்து அதைப் பிடுங்குவது. பாய்ந்தவர் கூடப் பயிலும் பேங்க்காரர். இவள் பிடுங்கிய வேகத்தில் எனக்கே புல்லரித்தது. அடுத்த நொடி கைப்பிடியை அவர் பக்கம் திருப்பி, பவ்யமாக நீட்டினாள். அவர் வாங்கி இவள் வயிற்றில் வைத்தார். அவ்வளவுதான், தேர்வு முடிந்தது.

வகுப்பில் அப்படித்தான் வழக்கம். பிடுங்கியதும் கொடுத்தால்தானே அவர் மறுபடி பாய முடியும்? போதாக்குறைக்கு, கடையிலும் நாள் முழுக்க எடுத்துக் கொடுக்கிற கை அது.

நான் மாஸ்டரிடம் எகிறினேன். "ஒரு மரக்கத்திக்காகவா இத்தனை வருஷ உழைப்பு வீணாப் போகணும்?"

"நிஜக் கத்தியா இருந்தா, இப்ப அக்கா நம்மகூட நின்னிருப்பாங்களா சார்?" என்றாள் அவள்.

"அவங்க சொல்றது சரிதான், பேசாம வாங்க" என்று மனைவி என்னை இழுத்துக்கொண்டு போனாள். பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பி அழுதுகொண்டே வந்தாள்.

அடுத்த தேர்வு ஒரு வருடம் கழித்துத்தான். அன்றைய தேர்விலேயே பேங்க்காரர் கருப்பு பெல்ட் வாங்கி முன்வரிசைக்குப் போய்விட்டார். இவளுக்குப் பின்னால் சேர்ந்தவர் அவர். நானாக இருந்தால் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பியிருப்பேன். இவள் பின்வரிசையில் நின்று அவருக்கும் வணக்கம் வைத்தாள், அதுவும் சிரித்த முகமாக. அந்த மனசு எனக்கு வராது.

வீட்டில் நான் சம்பளமில்லாத ரவுடியானேன். கரண்டி, சுருட்டிய செய்தித்தாள், ரிமோட் என்று கையில் கிடைத்ததை வைத்து அவளைக் குத்த வேண்டும். பிடுங்கிக்கொண்டு பின்னால் போய்விடுவாள். ரிமோட் பிரிட்ஜ் மேல் போய் உட்காரும். பழக்கத்தை வேரோடு பிடுங்க வேண்டும் என்று என் கையில் எதையுமே கொடுப்பதில்லை.

"டீயையாவது கையில கொடேன்!"

"மேஜையில இருக்கு. எடுத்துக்குங்க."

மறுபடியும் தேர்வு வந்தது. அதே பேங்க்காரர்தான் பாய்ந்தார். கத்தி இவள் கைக்கு வந்தது. அவரும் வகுப்புப் பழக்கத்தில் கையை நீட்டிக்கொண்டு நின்றார். இவள் கத்தியை முதுகுக்குப் பின்னால் மறைத்தபடி பின்வாங்கினாள்.

வெளியிலிருந்து வந்திருந்த பெரிய மாஸ்டர் சாதாரணமாகச் சொன்னார்: "நல்லா செஞ்சீங்கம்மா. கொடுங்க, இன்னொரு தடவை பார்த்துடலாம்."

அவள் கை லேசாக முன்னால் வந்தது. வந்த கை அப்படியே திரும்பிப் போனது.

"நீங்க நிறுத்துன்னு சொல்லுங்க சார். அப்புறம் தரேன்" என்றாள், எதிராளி மேல் வைத்த கண்ணை எடுக்காமல்.

அவர் சிரித்துவிட்டார். "நிறுத்து" என்று சொல்லி எழுந்து, அவளுக்குக் குனிந்து வணக்கம் வைத்தார். எங்கள் மகள் வயது மாஸ்டர் அவள் இடுப்பில் கருப்பு பெல்ட்டைக் கட்டிவிட்டாள்.

திரும்பும்போதும் பஸ்தான். உட்கார்ந்ததும் பையைத் திறந்து பெல்ட்டை எடுத்தாள். சீட்டில் வைக்கவில்லை. என் உள்ளங்கையைப் பிரித்து அதில் வைத்தாள்.

"பிடிங்க. கொஞ்ச நேரம் நீங்க வச்சிருங்க."

இந்த முறை ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டது நான்.