மேடேறிய பேட்டரி வண்டி

சலவைக்கடைக்காரர்களுக்கு ஒரு வியாதி உண்டு. எதைக் கண்டாலும் துணியால் சுற்றி வைத்துவிடுவார்கள். அண்ணனும் தங்கையும் நடத்தும் இந்தச் சலவைக்கடையிலும், பேட்டரி வண்டி வாங்கிய அன்றே அண்ணன்காரன் சீட்டுக்கடியில் இருந்த பேட்டரியைப் பழைய போர்வையால் இழுத்துப் போர்த்திவிட்டான். ஆடாதாம், அசையாதாம்!

வண்டியை ஓட்டுவது தங்கை. இஸ்திரி மேசையிலிருந்து அவளுக்கு விடுதலை வாங்கிக் கொடுத்ததே அந்த வண்டிதான். ஆனால் கொஞ்ச நாளாக, குன்றின் மேலிருக்கும் ஆஸ்பத்திரிக்கு விரிப்புகளை ஏற்றிக்கொண்டு போனால் பாதி மேட்டிலேயே படுத்துவிடுகிறது. இறங்கித் தள்ளித் தள்ளி அண்ணனுக்கு இடுப்பு ஒடிந்ததுதான் மிச்சம்.

"பேட்டரி செத்துப்போச்சு. தரகர்கிட்ட வண்டியை வித்துடச் சொல்லிட்டேன். நீ பழையபடி மேசைக்கே வந்துடு" என்றான்.

அவள் இஸ்திரி மேசையைத் திரும்பிப் பார்த்தாள். மறுபடியும் அந்தப் புழுக்கத்திலா?

"ஃபுல் சார்ஜ்னுதானே காட்டுது. அப்புறம் எங்கண்ணே போய்த் தொலையுது?"

"என்னைக் கேட்டா? ஓட்டுறவ நீ."

அவளுக்கு வீம்பு வந்துவிட்டது. தெருவில் ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்து, சீட்டைத் தூக்கிப் போர்வையைத் தடவிப் பார்த்தாள். ஒரே ஈரம்! சலவை அறையின் ஆவியையெல்லாம் குடித்து ஊறிக் கிடந்தது. எல்லா இடமும் வெறும் வெதுவெதுப்பு. ஒரு மூலையில் மட்டும் துணிக்கு மேலேயே சுரீரென்று சுட்டது. விலக்கிப் பார்த்தால், அங்கே கம்பி மாட்டும் இடமெல்லாம் பச்சைக் களிம்பு பூத்திருந்தது.

பிளக் சரியாக உட்காராவிட்டால் கொதிக்கும் என்பது இஸ்திரி போட்டவளுக்குத் தெரியாதா என்ன? சமதரையில் மோட்டார் கொஞ்சமாகத்தான் கேட்கும், எப்படியோ சமாளித்துவிடும். மேட்டில் அள்ளி அள்ளிக் கேட்கும்போது, பாதி மின்சாரம் அந்தப் பச்சையிலேயே சூடாகப் போய்விடுகிறது. பேட்டரி பாவம், அது என்ன செய்யும்?

சுவிட்சை அணைத்தாள். கம்பியைக் கழற்றி, உப்புத்தாளால் பளபளவென்று தேய்த்து, மறுபடி மாட்டி, பல்லைக் கடித்துக்கொண்டு முறுக்கினாள். போர்வையைத் தூக்கிக் கடாசினாள். ஆஸ்பத்திரி விரிப்பு மூட்டையை ஏற்றினாள்.

"ஏறுண்ணே!"

"இந்த மூட்டையோடயா? போச்சுடா, இன்னைக்கும் தள்ளணுமா!"

மேடு வந்தது. அண்ணன் தள்ளுவதற்குத் தயாராக ஒரு காலை வெளியே தொங்கப்போட்டான். தினமும் மூச்சுத்திணறும் வளைவில் வண்டி கொஞ்சம்கூட முனகவில்லை. காய்கறி வண்டிக்காரரைத் தாண்டியது. அவள் வாய்விட்டுக் கத்தினாள், "போடு! போடு!" அண்ணனும் சேர்ந்து கத்தினான். ஆஸ்பத்திரி வாசலில் நின்றபோது அவன் கால் இன்னும் வெளியேதான் இருந்தது.

"காலை உள்ள வைண்ணே. வந்தாச்சு."

அதற்குள் அண்ணனுக்குத் தரகரின் போன். வண்டியை எப்போது வந்து பார்க்கலாம் என்று கேட்டார். தங்கை அண்ணன் முகத்தையே பார்த்தாள்.

அவன் காலை உள்ளே இழுத்துக்கொண்டான். "வண்டி என்னுது இல்லீங்க. என் தங்கச்சியோடது. அவ குடுக்க மாட்டா."