பாலம் திறந்த அன்று

துபாயின் ஜெபல் அலியில் மளிகைக்கடை வைத்திருந்த கீழக்கரை முகம்மது ரிபாய், நகரத்தின் மறுகோடியில் இருக்கும் தேராவிலிருந்து சரக்கு எடுத்துவரும்போதெல்லாம் மேம்பாலத்துக்காகத் தோண்டிப்போட்ட ரோட்டில் மாட்டிக்கொள்வார். "இவனுங்க பாலம் கட்டுறானுங்களா, பள்ளம் வெட்டுறானுங்களா?" என்று வண்டிக்குள்ளேயே கத்துவார்.

ஆனால் லீவில் ஊருக்குப் போக டிக்கெட் போட்டதும் அந்த ரோட்டின் மேல் அவருக்குத் திடீர்ப் பாசம் வந்துவிட்டது. யார் ஊருக்குக் கிளம்பினாலும், தேராவில் இருக்கும் ஊர்க்காரர்கள் வீட்டுக்குக் கொடுத்தனுப்ப ஆளுக்கொரு பார்சலோடு வந்து நின்றுவிடுவார்கள். இந்த முறை போன் செய்தவர்களிடமெல்லாம் ரிபாய், "வராதீங்க வாப்பா, ஒரே டிராஃபிக், நடுரோட்டுலயே கெடப்பீங்க" என்று உருகினார். முதன்முறையாகத் தன் சாமான்களை மட்டுமே அடுக்கி, பெட்டியை ஆசையாகப் பூட்டினார்.

கிளம்புவதற்கு முந்தின நாள் காலிங்பெல் அடித்தது. ஊர்க்காரன் ராஜிக், கம்பளியும் கோடாலித் தைலமுமாக வாசலில் நின்றான்.

"காக்கா, பாலத்தைத் தொறந்துட்டாங்க! பறந்து வந்துட்டேன். எல்லாருக்கும் போன் போட்டுச் சொல்லிட்டேன்."

அன்று சாயங்காலம் பாலத்தில் வண்டிகள் வழுக்கிக்கொண்டு ஓடின. ஜாம் ஆனது ரிபாயின் வீட்டு வாசல்தான்.