மூணாம் ஷெட்டில் ஊதாக் கொண்டை

மோகனூர் சாலையில் இருக்கும் அங்கம்மாளின் கோழிப்பண்ணைக்குள் நுழைவதைவிட விமானத்தில் ஏறிவிடுவது சுலபம். வண்டிச் சக்கரத்துக்கு மருந்தடிக்க வேண்டும், காலை மருந்துத் தண்ணீரில் நனைக்க வேண்டும், ஷெட்டுக்குள் போவதென்றால் குளித்துவிட்டுப் பண்ணைத் துணியைத்தான் கட்ட வேண்டும். கூடப் பிறந்த தம்பியே ஒருமுறை செருப்போடு உள்ளே வந்துவிட்டு, அக்காவிடம் வாங்கிக்கட்டிக்கொண்ட பேச்சில் பொங்கலுக்குக்கூட எட்டிப் பார்க்கவில்லை.

அப்பேர்ப்பட்ட மாமியார் வீட்டுக்குத்தான் சேலத்துத் தறிக்கார வீட்டுப் பெண் வித்யா வாக்கப்பட்டு வந்திருந்தாள். காதல் கல்யாணம். மகன் கௌதமன் அவளைக் கூட்டிவந்து நிறுத்தியபோது அங்கம்மாள் திட்டவுமில்லை, கட்டிக்கொள்ளவுமில்லை. பின்பக்கத்து அறையை ஒழித்துக் கொடுத்தாள். அன்றிலிருந்து வேளாவேளைக்கு ஒரே கேள்வி: "சாப்புட்டியா?" வித்யாவும் ஒரே பதில்தான்: "சாப்புட்டனுங்க அத்தை." சமையலறையில் கை வைத்தால், "நீ இரு." ஷெட்டுப் பக்கம் நடந்தால், "நீ இரு." திட்டினாலாவது மூலையில் உட்கார்ந்து அழலாம். இந்த "நீ இரு"வை வைத்துக்கொண்டு என்னதான் செய்வது? தான் இந்த வீட்டு மருமகளா, வந்துபோகிற விருந்தாளியா என்பது அவளுக்கு விளங்கவேயில்லை. அந்த நினைப்பு அவளை அரித்துக்கொண்டே இருந்தது.

பொழுது போகவேண்டுமே! செல்போனில் ஒரு விளையாட்டு வைத்திருந்தாள். செல்லைத் தூக்கிப் பிடித்தால் மரத்தடியிலும் பஸ் ஸ்டாண்டிலும் விதவிதமான விசித்திரப் பிராணிகள் நிற்கும். கிட்டே போய்ப் பிடித்துச் சேர்த்துக்கொள்ள வேண்டும். அவளிடம் எல்லாப் பறவையும் இருந்தது, டூலோரா ஒன்றைத் தவிர. அது லேசில் கண்ணில் படாது.

அன்று மத்தியானம் கௌதமன் மக்காச்சோளம் வாங்க வெளியே போயிருந்தான். வித்யா செல்லைத் திறந்தாள். அட, டூலோரா! எங்கே நிற்கிறது என்று பார்த்தால், மூணாம் ஷெட்டுக்குள். பொழுது சாய்வதற்குள் மறைந்துவிடுமாம். அவள் தலைதெறிக்க வாசலுக்கு ஓடினாள்.

"அத்தை! மூணாம் ஷெட்டுல புதுப் பறவை ஒண்ணு வந்து நிக்குதுங்க!"

தீவன மூட்டையைப் பிரித்துக்கொண்டிருந்த அங்கம்மாள் சடாரென்று நிமிர்ந்தாள். "புதுசா? எப்படி இருக்குது?"

மாமியார் இரண்டாவதாக ஒரு கேள்வி கேட்டதிலேயே வித்யாவுக்குப் புல்லரித்தது. இனி அவளை யார் நிறுத்த முடியும்?

"கொண்டை நல்லா ஊதாவா இருக்குதுங்க."

"ஊதாவா?" அங்கம்மாளின் கை மூட்டையை விட்டது. "தலைய ஆட்டுதா?"

"ஆட்டிக்கிட்டே இருக்குதுங்க! வாயில குமிழி குமிழியா ஊதும்."

"ஐயோ சாமி! பக்கத்துல வேற கோழி போனா?"

"பொத்துனு மயங்கி உழுந்துருங்க. அதான் அதோட விசேஷமே!"

இத்தனை சந்தோஷமாகப் பறவைக் காய்ச்சலை வர்ணித்தவர்கள் நாமக்கல் வட்டாரத்திலேயே யாரும் இருந்திருக்க மாட்டார்கள். அங்கம்மாளுக்கு முகம் வெளுத்துவிட்டது. "பொன்னா! மருந்து மிசினை எடுத்தாடா! எல்லா வலையும் இழுத்துக் கட்டு!" என்று கத்தியபடி கால்நடை டாக்டருக்கு போன் போட்டாள். வேலைக்காரப் பொன்னன் முதுகில் மருந்து மிஷினோடு ஓடிவந்து, கிடைத்ததற்கெல்லாம் அடித்தான். துளசிச் செடிக்கும் விழுந்தது, வித்யாவின் சேலைக்கும் விழுந்தது.

அத்தை அதை நிஜப் பறவை என்றே நம்பிவிட்டாள் என்பது அப்போதுதான் வித்யாவுக்குப் பொறி தட்டியது. வாயைத் திறந்தால் மானம் போகும். திறக்காமலே இருந்துவிடலாமா என்றுகூட ஒரு கணம் நினைத்தாள். ஆனால் அங்கம்மாள் தொட்டிச் சுவரில் தொப்பென்று உட்கார்ந்து, "அத்தனை கோழியையும் குழி தோண்டிப் பொதைக்கச் சொல்லுவாங்களே. எப்படிச் சாமி பொதைப்பேன்?" என்று கண்ணைத் துடைத்தாள். அதற்கு மேல் வித்யாவால் தாங்க முடியவில்லை.

"அத்தை, அது நெசப் பறவை இல்லீங்க. செல்லுக்குள்ள இருக்குதுங்க."

நீட்டிய செல்லில் ஊதாக் கொண்டையும் வாத்துக் காலுமாக டூலோரா குமிழி ஊதிக்கொண்டிருந்தது. பொன்னன் துண்டை வாயில் திணித்துக்கொண்டு அந்தப்பக்கம் திரும்பினான். அங்கம்மாள் செல்லைப் பார்த்தாள், மருமகளைப் பார்த்தாள், திரும்பவும் செல்லைப் பார்த்தாள். பிறகு டாக்டருக்குப் போன் போட்டாள். "ஒண்ணுமில்லீங்க டாக்டர். காக்காயிங்க. என்ற கண்ணுதான் மங்கிப் போச்சு."

வித்யா கண் கலங்கத் திட்டுக்குக் காத்து நின்றாள். வந்தது வேறு.

"என்னடி பேரு இதுக்கு?"

"டூலோராங்க."

"தூளுராசுவா? சரி, அழுகாத. போயித் தண்ணி வாத்துட்டு வா."

குளித்துவிட்டு வந்தவளிடம் தன்னுடைய ஷெட்டுப் புடவையையே கொடுத்தாள் அங்கம்மாள். காலை மருந்துத் தண்ணீரில் நனைக்க வைத்தாள். செல்லையும் மருந்துத் துணியால் துடைத்தாள். தூளுராசு ஆனாலும் சட்டம் சட்டம்தானே! ஷெட்டுக்குள் கோழிகள் கொக்கரிக்க, வித்யா விரலால் ஒரு சுண்டு சுண்டினாள். மாட்டிக்கொண்டது.

"இனி இதை என்ன பண்ணுவ?"

"ஏற்கெனவே இருக்குற பறவைங்களோட சேத்து உட்டுருவேனுங்க."

"அடி கூறுகெட்டவளே! புதுசா வந்ததை நேரா கூட்டத்துல உடுவாங்களா? கொஞ்ச நாளு தனியா வெச்சுப் பாக்கோணும். அதுக்கும் நல்லது, இதுகளுக்கும் நல்லது."

வித்யா செல்லைப் பார்த்துக்கொண்டே மெதுவாகக் கேட்டாள். "கொஞ்ச நாள்னா எத்தனை நாளுங்க அத்தை? எதுக்குத் தனியா வெச்சிருக்காங்கன்னு அதுக்குத் தெரியுமுங்களா?"

அங்கம்மாள் ஒரு கோழியின் கொண்டையைத் தொட்டுப் பார்த்தாள். ஒன்றுமில்லாத இடத்தில் தீவனத்தைத் தள்ளிவிட்டாள். "அதுக்கென்ன தெரியும்? நம்ம சும்மாவா இருக்கறோம்? தீனி எடுக்குதா, தீனி எடுக்குதான்னு அதையேதான பாத்துக்கிட்டு இருக்கறோம்" என்றாள், கோழியிடம் சொல்வதுபோல.

வித்யாவுக்குச் சட்டென்று கண் நிறைந்தது. இத்தனை நாளாக வேளாவேளைக்குக் கேட்ட அந்த ஒரே கேள்வி!

"நாளைக்கு வெள்ளென எந்திரிச்சு வா. முட்டை பொறுக்க ஆள் பத்தல" என்றாள் அங்கம்மாள். வாசலில் கால் கழுவும்போது ஏதோ நினைத்துக்கொண்டவளாய்த் திரும்பினாள். "ஏண்டி, உன்ற தூளுராசு முட்டை உடுமா?"

"உடாதுங்க."

"அப்பறம் என்னத்துக்கு இந்தப் பாடு!"

அன்றைக்குச் சாயங்காலமும் சமையலறையிலிருந்து அந்தக் குரல் வந்தது. "சாப்புட்டியா?"

"இல்லீங்க அத்தை" என்று சொல்லிக்கொண்டே வித்யா உள்ளே போய், தோசைக்கல்லை அடுப்பில் வைத்தாள். "உங்களுக்கு எத்தனை ஊத்தட்டுமுங்க?"

அங்கம்மாள் வாய்வரை வந்த "நீ இரு"வை விழுங்கிவிட்டு, சட்டினிக்குத் தேங்காய் துருவ உட்கார்ந்தாள்.