குடித்தன வண்டி

“ஏசுதாசு, இதுக்கு மேல ஒரு அடி வந்தின்னா, என் மேல ஏத்திக்கினு வா!”

தெரு முனையில் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றார் கோதண்டராமன். அவருக்கு எதிரே, புதுப் பச்சைப் பெயிண்ட் வாசம்கூடப் போகாத அந்தப் பெரிய வண்டி உறுமிக்கொண்டு நின்றது. ஸ்டியரிங்கில் ஏசுதாஸ். பின்னால், உள்ளே, கோதண்டராமனின் தம்பி உலகநாதன். காலையில் வெள்ளோட்டம் பார்க்க முன் சீட்டில் உட்கார்ந்து, தெருவில் இருக்கிற அத்தனை பேருக்கும் கையாட்டிவிட்டுப் போனவர், சாயங்காலம் படுத்தபடி திரும்பியிருந்தார்.

இட்லிக்கு அரைத்துக்கொண்டிருந்த அவர் மனைவி சரோஜா மாவுக்கையோடு ஓடிவந்தாள். பின்னாலேயே மகள் சாந்தா. “வண்டி வந்துடிச்சி, பெரியப்பா உள்ள வுட மாட்டேன்றாரு” என்று அவள்தான் வந்து கூப்பிட்டிருந்தாள். அண்ணன் தம்பிக்குள் மறுபடி ஏதோ வாய்த்தகராறு என்றுதான் சரோஜா நினைத்தாள். விலக்கிவிடத்தான் ஓடிவந்தாள். கூட்டம் அவளுக்கு வழி விட்டது. ஏசுதாஸ் இறங்கி, தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டான். யாரும் வாயைத் திறந்து எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

“மாவலிபுரத்துக்கு இந்தாண்ட சவுக்குத் தோப்புல நிறுத்தினோம் அண்ணி” என்றான் ஏசுதாஸ். “கட்டிலு சத்தம் போடுதான்னு படுத்துப் பாக்கறேன்னாரு. நான் டீ வாங்கியாரப் போனேன். வந்து பாத்தா தூங்கறாப்பல இருந்திச்சு. நல்லா தூங்கட்டும்னு ரேடியேட்டருக்குத் தண்ணி ஊத்திக்கினு இருந்தேன். டீ ஆறிப் போச்சேன்னு எழுப்பினேன். கழுக்குன்றத்துல டாக்டரு கையப் புடிச்சிப் பாத்துட்டு உதட்டப் பிதுக்கிட்டாரு.”

சரோஜா அழவில்லை. மாவு காய்ந்து விரல்கள் இழுத்துக்கொண்டிருந்தன. வண்டியின் பின்கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கோதண்டராமன் ஊருக்குப் பொதுவாகச் சொன்னார். “வெளியில போன உயிரு. உடம்பு தெருவுக்குள்ள வரக்கூடாது. புளியமரத்தடியில எறக்குங்க. காலையில அங்கிருந்தே எடுத்துடலாம்.”

சிங்கப்பெருமாள் கோயிலுக்குக் கிழக்கே அந்தச் சின்ன ஊரில் அதுதான் ஊர்க்கட்டுப்பாடு. யாருக்கும் அதில் விலக்கு கிடையாது. கோதண்டராமனை ஈவிரக்கம் இல்லாத மனுஷன் என்று யாரும் சொல்லிவிட முடியாது. பட்டணத்து ஆஸ்பத்திரியில் செத்துப்போன சொந்தத் தகப்பனையே அந்த மரத்தடியில்தான் கிடத்தினார். அன்றைக்கென்று பிடித்துக்கொண்டது மழை. கீற்று வைத்து மறைத்தும் ஒழுகியது. தம்பி உலகநாதன்தான் விடிகிற வரைக்கும் தகப்பன் முகத்துக்குக் குடை பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். காரியமெல்லாம் முடிந்து வீட்டுக்கு வந்ததும் சரோஜாவிடம் ஒன்று சொன்னார்.

“நைனா அவரு கட்டின வூட்ட ஒரு தபா பாக்காமயே போய்ட்டாரு. நான் எங்க செத்தாலும் சரி, என்ன அங்க போட வுட்றாத சரோஜா.”

“நல்ல பேச்சு பேசற வாயப் பாரு” என்று அவள் அன்றைக்கு அதட்டிவிட்டாள். இப்போது அந்தப் புளியமரம் பத்தடி தூரத்தில் நின்றது. அடியில் யாரோ அதற்குள் பெருக்கவே ஆரம்பித்துவிட்டார்கள். துடைப்பச் சத்தம் சரோஜாவின் காதில் விழுந்தது. அங்கே மட்டும் அவரைப் போட விடக்கூடாது. வேறெதுவும் அவளுக்கு அப்போது தோன்றவில்லை.

அந்த வண்டியும் லேசுப்பட்ட வண்டியில்லை. செங்கல்பட்டில் கூடாரம் போட்ட ஒரு சர்க்கஸ் கம்பெனி நொடித்துப்போய், ராவோடு ராவாகக் கிளம்பினபோது விட்டுவிட்டுப் போனது. மிலிட்டரி டிஸ்போசல் ஏலத்தில் எடுத்த பழைய லாரிச் சட்டத்தின்மேல் மரத்தாலும் தகரத்தாலும் ஒரு அறை கட்டி, மேனேஜர் பெண்டாட்டி பிள்ளையோடு அதிலேயே குடித்தனம் நடத்தியிருக்கிறார். உலகநாதன் ஸ்டோர் கீப்பராக இருந்த ரைஸ் மில்லின் ஷெட்டில் வருஷக்கணக்காக எலிக்கு வாடகையில்லாமல் கிடந்தது. இடத்தை அடைக்குது, வேணும்னா எடுத்துக்கினு போ என்றார் மில் முதலாளி. விளையாட்டுக்குத்தான் சொல்லியிருப்பார். இவர் எடுத்துக்கொண்டு வந்துவிட்டார்! நான்கு மாடு பூட்டி இழுத்து வந்தார்கள்.

அப்புறம் ஞாயிற்றுக்கிழமை என்று ஒன்று சரோஜாவுக்கு இல்லாமல் போயிற்று. அவரும் ஏசுதாஸும் துரு சுரண்டினார்கள். இற்றுப்போன தரைப்பலகையைப் பெயர்த்துவிட்டு மில்லில் கழித்துப்போட்ட தேக்குப் பலகையை இழைத்துப் போட்டார்கள். லாரி டிரைவரான ஏசுதாஸ் இன்ஜினைக் கழற்றிக் கொல்லையில் பரப்பினான். துணி காயப்போட இடமில்லை. மடக்குக் கட்டில் இரண்டு, சுவரோடு மடிகிற மேஜை, ஸ்டவ் வைக்க ஒரு மாடம், ஜன்னலுக்குச் சீட்டித் துணியில் திரை. கேட்டால், மே மாசப் பள்ளிக்கூட லீவில் மூன்று பேருமாகக் கன்னியாகுமரி வரைக்கும் போகப்போகிறோம் என்பார். “இருட்டற எடத்துல நம்ம வூடு. இன்னா சொல்ற?”

“புலி மூத்தர நாத்தம் அடிக்குது” என்பாள் சரோஜா.

“அதுல புலியே இருந்ததில்லடி. மேனேஜருதான் இருந்தாரு.”

“அப்ப அந்த ஆளோடதுதான்.”

அவர் சிரிப்பார். இரண்டு வருஷத்தில் அவள் ஒரு தடவைகூட அதில் ஏறவில்லை.

“அண்ணே” என்று ஏசுதாஸ் தயங்கித் தயங்கிச் சொன்னான். “வெளியிலன்னு சொல்றீங்க. அவரு ரோட்லயா வுழுந்தாரு? வூட்டுக்குள்ளதான உயிரு போச்சு. கட்டிலு கீது, அடுப்பு கீது. அவரே கட்டின வூடுதான அது?”

கூட்டத்தில் ஒருவன் சிரித்துவிட்டு, சாவு என்பது ஞாபகம் வந்து இருமினான். எதிர்வீட்டு ஆதியம்மாள் முன்னால் வந்தாள். கல்யாணமோ கருமாதியோ, முறை என்ன என்று அந்தத் தெருவில் அவளைத்தான் கேட்பார்கள்.

“சக்கரம் வெச்சதெல்லாம் வூடாயிடுமா? பால் காய்ச்சினாத்தான் வூடு. காய்ச்சினீங்களா?”

எல்லோரும் சரோஜாவைப் பார்த்தார்கள்.

முந்தின வெள்ளிக்கிழமை காலையில் உலகநாதன் குளித்து, நெற்றிக்கு இட்டுக்கொண்டு, ஒரு சொம்புப் பாலோடு அடுப்படி வாசலில் வந்து நின்றார். “தை வெள்ளிக்கெழம. வண்டில வந்து ஒரு பொங்கு பொங்க வுடு, போதும்.” சரோஜாவுக்கு எங்கிருந்துதான் அப்படி ஒரு கோபம் வந்ததோ. “சர்க்கஸ்காரன் படுத்துப் பொரண்ட டப்பாவுல நான் பால் காய்ச்சணுமா? பேஜாரு புடிச்ச மனுசன்யா நீ!” சொம்பைப் பிடுங்கி, கொதித்துக்கொண்டிருந்த காப்பித் தண்ணியில் ஊற்றினாள். அவர் சட்டையை மாட்டிக்கொண்டு மில்லுக்குப் போய்விட்டார். சாந்தா பார்த்துக்கொண்டிருந்தாள். நெல் மூட்டை விஷயமாக வந்து கூடத்தில் உட்கார்ந்திருந்த கோதண்டராமனும் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தக் காப்பியில் முதல் டம்ளர் அவருக்குத்தான் போயிற்று.

“காய்ச்சினோம்” என்றாள் சரோஜா.

“எப்போ?”

“வெள்ளிக்கெழம காலையில. நான்தான் காய்ச்சினேன்.” விரலில் காய்ந்த மாவை உரித்தாள். “கெழக்கால பொங்கிச்சு.”

சாந்தா அம்மாவை நிமிர்ந்து பார்த்தாள். பள்ளிக்கூடத்தில் பொய் சொல்லி மாட்டிக்கொண்டதற்குப் போன மாதம்தான் அவளைப் பிடித்து நான்கு சாத்து சாத்தியிருந்தாள் சரோஜா. “எனக்கு ஒரு டம்ளரு குடுத்தாங்க” என்றாள் சாந்தா. “சர்க்கர கம்மியா இருந்திச்சு.”

ஆதியம்மாள் கோதண்டராமனைப் பார்த்தாள். சரோஜாவும் பார்த்தாள். கல்யாணமாகி வந்த நாளாய் மச்சாண்டார் முகத்தை நேருக்கு நேர் பார்த்தறியாதவள், அன்றைக்குப் பார்த்துக்கொண்டே நின்றாள். அவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும், எல்லாம் முடிந்துவிடும். அவர் பொய் சொல்லி ஊர் கேட்டதில்லை.

அவர் வண்டியைப் பார்த்தார். மரத்தடியைப் பார்த்தார். துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டார்.

“ஆமா” என்றார். “நானும்தான் ஒரு டம்ளரு குடிச்சேன்.”

அப்புறம் குரலை உயர்த்தினார். “அது வூடுதான். வூட்டுக்குள்ள போன உயிரு. தாராளமா வரலாம். ஆனா ஒண்ணு, உயிரு போன எடத்துல வெளக்கு வெக்கணும். அப்ப வெளக்கு வண்டியிலதான். பதினாறு வரைக்கும் அணையக்கூடாது, ஆளும் கூட இருக்கணும். சம்மதமா?”

சரோஜா தலையாட்டினாள். கோதண்டராமன் வழியை விட்டு விலகினார். வண்டி மெல்ல உருண்டு வந்து அவர்கள் வீட்டு வாசலில் நின்றது. தம்பியின் தலைமாட்டை அண்ணனே பிடித்து இறக்கினார். கூடத்தில் கிடத்தினபோதுதான் சரோஜாவுக்கு அழுகை வந்தது. வந்தது, நிற்கவில்லை.

மறுநாள் காலையில் குளிப்பாட்டி, கோடி போர்த்தி, பறை அடித்து எடுத்துக்கொண்டு போனார்கள். ஆண்கள் எல்லோரும் போனதும் தெரு வெறிச்சென்று ஆயிற்று. பெண்கள் வாசலைக் கழுவி விட்டார்கள். ஆதியம்மாள் ஒரு காமாட்சி விளக்கையும் எண்ணெய்க் கிண்ணியையும் சரோஜா கையில் கொடுத்தாள்.

“போ. சுடுகாட்லருந்து வர்றவங்க வெளக்கப் பாத்துட்டுத்தான் கலையணும்.”

சரோஜா வண்டியின் பின்படியில் காலை வைத்தாள். படி அகலமாக, அவள் காலுக்கு எட்டுகிற உயரத்தில் இருந்தது. உள்ளே வார்னிஷ் வாசம். தேக்குத் தரை வழுவழுவென்று இருந்தது. இடதுபக்கக் கட்டிலில் ஜமுக்காளம் ஒரு ஆள் படுத்த மாதிரி நடுவில் கசங்கிக் கிடந்தது. அவள் அதை நீவவில்லை. கட்டில் தலைமாட்டில் விளக்கை வைத்துத் திரியைத் தூண்டி ஏற்றினாள்.

மாடத்தில் ஸ்டவ் இருந்தது. புதுசு. பித்தளை பளபளத்தது. பர்னர்மேல் கடைக்காரன் சுற்றிக் கொடுத்த காகிதம் சணல் கயிறோடு அப்படியே இருந்தது. சரோஜா அதைப் பார்த்தபடி நின்றுவிட்டாள். கூடவே ஏறி வந்த சாந்தாவும் பார்த்தாள். சின்ன விரல்களால் முடிச்சை அவிழ்த்து, காகிதத்தை உருவிக் கசக்கி, பாவாடையில் செருகிக்கொண்டாள்.

தெருவில் காலடிச் சத்தம் கேட்டது. ஆண்கள் ஈர வேட்டியோடு வந்துகொண்டிருந்தார்கள். எப்போதும் வீட்டு வாசல்படிக்குப் பக்கத்தில் வைக்கிற தண்ணீர்க் குடத்தை ஆதியம்மாள் வண்டியின் பின்படிக்குப் பக்கத்தில் வைத்திருந்தாள். முன்னால் வந்த கோதண்டராமன் குனிந்து ஒரு சொம்புத் தண்ணீர் மொண்டு வலது காலைக் கழுவினார், இடது காலைக் கழுவினார், குதிகாலையும் விரலிடுக்கையும் தேய்த்துக் கழுவினார். பின்னால் ஊர் வரிசையாக நின்றது.

அவர் படியில் காலை வைத்ததும் வண்டி அந்தப் பக்கமாகக் கொஞ்சம் தாழ்ந்தது. ஆள் உயரம். கதவோ குட்டை. சரோஜா விளக்குக்குப் பக்கத்திலிருந்து எழுந்து, முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, கதவோரம் வந்து நின்றாள்.

“தல இடிக்கும்” என்றாள். “குனிஞ்சி வாங்க மாமா.”